ஆவணம் இல்லாதவரின் நடமாட்டம்: முகாமா, மாவட்ட எல்லையா, முகவரிப் பதிவா?

நீலகிரியில் பந்தலூர், கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் ஒரே குடும்பத்துக்குள் மூன்று விதமான சட்ட நிலையைப் பார்க்கலாம். இலங்கை மலையகத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியா ஏற்றுக்கொள்ள 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி கப்பலில் வந்து, மண்டபத்தில் பதிந்து, தாயகம் திரும்பியோருக்குத் தரும் குடும்ப அட்டையோடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலைக்குச் சேர்ந்த அக்கா இந்தியக் குடிமகள். அதே ஒப்பந்தத்தில் பெயர் இருந்தும், 1984-இல் கப்பல் நின்றுபோனதால் இலங்கையிலேயே மாட்டிக்கொண்டு, 1990-இல் படகேறி வந்த தம்பி பதிவேட்டில் அகதி. சட்டப் புத்தகத்தில் 'சட்டவிரோதக் குடியேறி'. அந்தத் தம்பி இங்கே ஓர் இந்தியப் பெண்ணைக் கட்டி, 2006-இல் குன்னூரில் பிள்ளை பிறந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கும் பிறப்பால் குடியுரிமை இல்லை. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றாலே கதவு அடைபட்டுவிடுகிறது.

இந்தத் தம்பியும் பிள்ளையும் யாரையும் கேட்காமல் மேட்டுப்பாளையம் இறங்கலாமா, வயநாடு போகலாமா, சென்னையில் வேலை தேடலாமா என்பதுதான் இங்கே கேள்வி. நாட்டுக்குள் வருவது, தங்குவது, தங்கிய காலத்தில் நடமாடுவது ஆகிய மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால் விவாதம் எப்போதும் முட்டி நின்றுவிடுகிறது. நாளைக்கே ஒருவரைத் திருப்பி அனுப்ப அரசுக்கு அதிகாரம் உண்டு என்று வைத்துக்கொண்டாலும், அனுப்பும்வரை அவரை எப்படி வைத்திருப்பது என்பது தனிக் கேள்வி. அந்த 'அனுப்பும்வரை' தமிழ்நாட்டில் நாற்பது வருடமாக நீண்டுகொண்டிருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

நாடு முழுக்கத் தடையின்றி நடமாடும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(ஈ) பிரிவில் இருக்கிறது. அது குடிமக்களுக்கு மட்டும். சமத்துவம் பேசும் 14, உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21 இரண்டும் 'எந்த நபருக்கும்' பொருந்தும். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற 22-ஆம் பிரிவும், பகை நாட்டவரைத் தவிர, வெளிநாட்டவரைத் தள்ளிவைக்கவில்லை. வெளிநாட்டவருக்கு இங்கே குடியமரும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் லூயி டி ரேட் வழக்கில் சொன்னது. 1996-இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகள் வழக்கில், அவர்களின் உயிரைக் காப்பது மாநிலத்தின் கடமை என்றது. 2021 ஏப்ரலில் ரோஹிங்கியா வழக்கில், நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை 19-ஐ ஒட்டியது, ஆகவே குடிமகனுக்கே உரியது என்றது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் நீதிமன்றம் போட்டிருக்கும் கோடு தெரியும். 'இருக்க விடு' என்று கேட்க முடியாது; 'இருக்கும்வரை மனிதனாக நடத்து' என்று கேட்கலாம்.

1946-இன் வெளிநாட்டவர் சட்டத்தையும் அதனோடு இன்னும் மூன்று சட்டங்களையும் நீக்கிவிட்டு, 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். 2015 ஜனவரி 9 வரை அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு இந்தத் தண்டனையிலிருந்து தனி ஆணையில் விலக்கு உண்டு. விலக்கு வேறு, குடியுரிமை வேறு. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவதைப் பொறுத்தவரை, பழைய சட்டமும் புதிய சட்டமும் அரசுக்குக் கொடுப்பது ஓர் அதிகாரம். இன்னார் இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஆணை போடலாம்; போட்டால்தான் தடை. நடைமுறையில் ஆணை இல்லாமலே வழக்கமும் வாய்மொழியும் தடையாகிவிடுகின்றன.

வெளியுலக உடன்படிக்கைகள் பெரிதாகக் கைகொடுக்காது. 1951-இன் அகதிகள் உடன்படிக்கையில், ஆவணமின்றி வந்தவர் மீதும் தேவைக்கு மேல் நடமாட்டத் தடை போடாதே என்று 31-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. இந்தியா ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவோ, 'சட்டப்படி உள்ளே இருப்பவருக்கு' என்று முதல் வரியிலேயே வேலி போட்டுக்கொள்கிறது.

அடைத்து வைப்பது

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். திருச்சி மத்தியச் சிறை வளாகத்துச் சிறப்பு முகாம் போன்ற அடைப்பிடங்கள், திருப்பி அனுப்பும் தேதி கண்ணுக்குத் தெரியும்போது மட்டுமே பொருள் உள்ளவை. சொந்த நாடு பயண ஆவணம் தர மறுத்தாலோ, எந்த நாட்டுக்காரர் என்பதே தீராமல் கிடந்தாலோ, அடைப்பு முடிவில்லாத சிறையாகிவிடும். 1992 முதல் கட்டாய அடைப்பை நடத்திவரும் ஆஸ்திரேலியாவிலேயே, திருப்பி அனுப்ப வழியே இல்லாதவரைக் காலவரையின்றி அடைத்து வைப்பது செல்லாது என்று அந்நாட்டு உயர்மன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஒருவர் மீது தனிப்பட்ட குற்றச்சாட்டு இருந்தால் அதற்குக் குற்றவியல் சட்டம் இருக்கிறது.

முகாமும் செக்கிங்கும்

தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த முறை இது. 1983-க்குப் பிறகு திறந்த நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 2021 கணக்குப்படி ஏறத்தாழ 58,000 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்றப் பெரியவருக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய் என்று பணக்கொடையும் உயர்ந்தது. வாசலில் கம்பிக் கதவு இல்லை. பகலில் வேலைக்குப் போகலாம். ஆனால் வருவாய்த் துறை தலை எண்ணும் 'செக்கிங்' நாளில் ஆள் முகாமில் நிற்க வேண்டும். நாள் கணக்கில் வெளியே தங்க அனுமதி வாங்க வேண்டும். காவல்துறையில் உளவு பார்க்கும் கியூ பிரிவுக்கும் தகவல் போக வேண்டும்.

கோளாறு எங்கே வருகிறது என்றால், முகாம் ஆண்களில் பலர் பெயின்ட் வேலைக்காரர்கள். பவானிசாகர் முகாமிலிருந்து ஒருவர் கோத்தகிரியில் ஒரு பங்களா வேலைக்கு வருகிறார் என்று வையுங்கள். மழைக்கு முன் வெளிச்சுவர் முடிய வேண்டும், ஆகவே அங்கேயே தங்கி வேலை. செக்கிங்குக்கு இறங்க ஒரு நாள், ஏற ஒரு நாள். மாதம் இருமுறை எண்ணினால் நான்கு நாள் கூலி போய்விடும், பஸ் காசு தனி. அந்த நான்கு நாள் இழப்பு அவருக்குக் கிடைக்கும் பணக்கொடையைத் தின்றுவிடும். இறங்காவிட்டாலோ பணக்கொடை நிற்கும். தொடர்ந்து வராவிட்டால் பெயர் அடிபடும். மறுபடி சேர்க்க ஆட்சியர் அலுவலகம் வரை மனுவோடு அலைய வேண்டும். மேஸ்திரிக்கும் இது தெரியும். 'செக்கிங் ஆளு, பாதியில இறங்கிடுவான்' என்று கூலியில் பிடிக்கிறார்.

மாலைக்குள் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை மலையில் இன்னும் மோசமாகக் கடிக்கும். கேத்தி பாலாடாவில் கேரட் எடுக்கும் வேலை விடியுமுன் தொடங்குகிறது. கும்மிருட்டில் தலைவிளக்கோடு பிடுங்கி, தழை கிள்ளி, மூட்டை போட்டு, கழுவும் இயந்திரத்தில் விட்டு, லாரி ஏற்றி, காலை ஏலத்துக்கு மேட்டுப்பாளையம் மண்டியில் சேர்க்க வேண்டும். 'மாலை ஆறு முதல் காலை ஆறு வரை இருப்பிடத்தில் இரு' என்று ஒருவருக்குச் சொன்னால் இந்த வேலை அவருக்கு இல்லை. அல்லது இருக்கும், பதிவில் வராமல். கரடியோ காட்டெருமையோ முட்டினாலும் வேலைக்கு வந்த ஆள் என்று யாரும் ஒப்புக்கொள்ளாத வேலையாக.

இந்த முறைக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அரிசி, வீடு, பள்ளி எல்லாம் ஓரிடத்தில் கொண்டு சேர்க்க முகாம் வசதி. முகாமில் வளர்ந்த பிள்ளைகள் நிறையப் பேர் பட்டதாரிகள். கோளாறு உதவியில் இல்லை, உதவியை ஆள் நிற்கும் இடத்தோடு முடிச்சுப் போட்டதில். உகாண்டா தன் 2006 அகதிகள் சட்டத்தில் நடமாட்டத்தைத் திறந்துவிட்டது, குடியிருப்புகளில் நிலத்துண்டும் கொடுக்கிறது. ஆனால் உணவு உதவி பெரும்பாலும் குடியிருப்பில் இருப்பவருக்கே போவதால், நகரத்துக்குப் போனவர் அதை இழக்கிறார். 1984 முதல் எல்லை முகாம்களில் மியான்மர் அகதிகளை அடைத்து வைத்த தாய்லாந்து, வெளிநாட்டு நிதியும் வயல்களில் கைகளும் குறைந்த பிறகு, 2025-இல் வெளியே வேலை செய்ய அனுமதி தர முடிவெடுத்தது. நாற்பது வருடம் பிடித்தது.

மாவட்டத்தைத் தாண்டாதே

நடுவழி போலத் தோன்றும் யோசனை: முகாம் வேண்டாம், செக்கிங் வேண்டாம், மாவட்டத்துக்குள் எங்கும் போகலாம், எல்லை தாண்ட மட்டும் அனுமதிச் சீட்டு. ஜெர்மனியில் 1982 முதல் புகலிடம் கேட்டவர்களுக்கு இப்படித்தான் ஒரு வட்டாரக் கட்டு இருந்தது. பக்கத்து ஊர் உறவினரைப் பார்க்கப் போனவர் மீதும் அபராதம் விழுந்தது. பல ஆண்டு எதிர்ப்புக்குப் பிறகு 2015 ஜனவரியிலிருந்து அதைப் பொதுவாக முதல் மூன்று மாதங்களுக்கு மட்டும் என்று குறைத்தார்கள்.

சமவெளி மாவட்டத்துக்கு வேண்டுமானால் இது ஒத்துவரலாம். நீலகிரிக்கு ஒத்துவராது, அதற்குக் காரணம் வரைபடம். சேரம்பாடி, அய்யன்கொல்லி, தாளூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஊட்டியைவிட சுல்தான் பத்தேரி எவ்வளவோ கிட்டம். ஆஸ்பத்திரி, துணிக்கடை, மிளகு விற்பது எல்லாம் அங்கேதான். மாவட்டத்தைத் தாண்டுவது மட்டுமல்ல, மாநிலத்தையே தாண்டுவது அவர்களுக்கு அன்றாடம். இந்தப் பக்கம் கக்கநல்லாவில் கர்நாடகம், அந்தப் பக்கம் நாடுகாணி தாண்டினால் மலப்புரம். மாவட்டத் தலைநகரமான ஊட்டியோ கூடலூர்க்காரருக்கே மலை ஏறி ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அனுமதிச் சீட்டு ஊட்டியில்தான் கிடைக்கும் என்றால், பத்தேரிக்குப் போக ஊட்டிக்குப் போய்வர வேண்டும்! பிரசவ வலியோடு யாரும் அந்தச் சீட்டுக்குக் காத்திருக்க மாட்டார்கள். காத்திருக்காதவர் அன்றிலிருந்து குற்றவாளி.

இன்னொரு செலவு வெளியே தெரியாது. எல்லையில் ஆளைப் பிரிக்க வேண்டுமானால் எல்லாரையும் நிறுத்திக் கேட்க வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இங்கே வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீசனுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. அதையே சமாளிக்க முடியாமல் கல்லாறில் வரிசை நின்றது. அந்தப் பாஸ் வண்டியைத்தான் எண்ணுகிறது. அரசுப் பஸ்ஸில் வருகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. அங்கேயே குடியுரிமையும் கேட்கத் தொடங்கினால் யாரை இறக்குவார்கள்? தேயிலைத் தோட்டத்துக்கு வரும் அசாம்காரரையும், முர்ஷிதாபாத்திலிருந்து கட்டட வேலைக்கு வரும் வங்காளி பேசும் இந்தியரையும், பேச்சில் இன்னும் மலையகச் சாயல் மாறாத டான்டீ ஓய்வூதியக்காரரையும். வெளிநாட்டவர் இல்லை என்று நிரூபிக்கும் சுமை சட்டப்படி நிறுத்தப்பட்டவர் தலையில்தான். அமெரிக்காவில் எல்லையிலிருந்து 100 மைல் வரை உள்நாட்டுச் சோதனைக்கு இடம் உண்டு. அங்கேகூட, ஆளின் தோற்றம் ஒன்றை மட்டும் வைத்து ரோந்துப் படை காரை நிறுத்தக் கூடாது என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மறு ஆண்டே நிரந்தரச் சாவடிகளில் நிறுத்திக் கேட்பது செல்லும் என்றது. டெக்சாஸின் தென்கோடியில் எல்லைக்கும் சாவடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, வடக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத குடும்பங்கள் அதன் விளைவு.

முகவரியைப் பதி, ஆளை விடு

மிச்சமிருக்கும் வழிகளில் இதுதான் மற்றதைவிட மேல் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. நுழைந்த விதம் எதுவானாலும் கைரேகையும் படமும் எடுத்து ஓர் அட்டை. நாடு முழுக்க நடமாட்டம். தங்குமிடம் மாறினால் குறித்த நாட்களுக்குள் தெரிவிக்கும் கடமை. அரசுக்கு உண்மையில் வேண்டியது ஒருவரைத் தேவைப்படும்போது கண்டுபிடிக்கும் வழி. அவரை ஓரிடத்தில் ஆணி அடித்து வைப்பது அந்த வழியைக் கெடுக்கிறது, ஏனென்றால் வேலை தேடி நகர்ந்த மறுநாளே பதிவிலிருந்தும் நழுவிவிடுகிறார்.

இது கற்பனை இல்லை. ஊட்டி தாவரவியல் பூங்கா பக்கத்துத் திபெத்தியன் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் விற்பவர்களில் பலர் பதிவுச் சான்றிதழ் வைத்திருக்கும் வெளிநாட்டவர்தான். சான்றிதழைப் புதுப்பிக்கிறார்கள், சரக்குக்கு வடக்கே போகிறார்கள், குளிர்காலத்தில் வேறு ஊர்களில் கடை போடுகிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எந்தக் காவல் நிலையமும் புலம்பியதில்லை. கொலம்பியா 2021-இல் வெனிசுவேலாவிலிருந்து வந்த லட்சக்கணக்கானோருக்குப் பத்தாண்டுத் தற்காலிகப் பாதுகாப்பு அனுமதி கொடுத்தது. நிபந்தனை, கைரேகைப் பதிவு. வேலையும் வங்கிக் கணக்கும் அட்டையோடு வந்ததால், ஒளிந்திருந்தவர்கள் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் இதிலும் உண்டு. முதலாவது காவல் நிலையம்: முகவரி மாற்றம் சொல்ல வந்தவரைத் திருப்பி அனுப்பினால், அல்லது வாங்கிக்கொண்டு ரசீது தராவிட்டால், தவறு அவர் மீதே எழுதப்படும். இரண்டாவது வீட்டுக்காரர்: வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கடமை லாட்ஜுக்கு உண்டு, புதிய சட்டத்தில் மருத்துவமனைக்கும் கல்வி நிலையத்துக்கும்கூடத் தகவல் கடமை வந்திருக்கிறது. தெரிவிப்பது வேறு, இடமும் சிகிச்சையும் மறுப்பது வேறு என்று எழுத்தில் சொல்லாவிட்டால், வம்பு எதற்கு என்று கதவைச் சாத்துவார்கள். மூன்றாவது கால அளவு: அட்டையை வருடாவருடம் புதுப்பிக்கச் சொன்னால், புதுப்பிக்கும் இடைவெளியில் ஆள் ஆவணமற்றவர் ஆகிவிடுகிறார். ஐந்து ஆண்டுக்குக் குறையக் கூடாது.

எதிர்த்தரப்பில் கனமான வாதம் பாதுகாப்பு. 1991 மே 21, திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகுதான் முகாம்களில் கெடுபிடி இறுகியது. வெளியே இருந்தவர்களும் காவல் நிலையத்தில் பதிய வேண்டியதாயிற்று. அந்த அச்சத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. ஆனால் அதற்கு மருந்து, பெயர் சொல்லி, காரணம் எழுதி, காலம் குறித்து ஒருவர் மீது போடும் ஆணை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை. அறுபதாயிரம் பேரை நிறுத்தி எண்ணுவதில் அந்த ஒருவர் பிடிபடுவதில்லை. கூலி குறையும் என்ற அடுத்த வாதம் தலைகீழானது. நகர முடியாதவர்தான் சொன்ன கூலிக்கு இருப்பார். பந்தலூரில் கூலி போதவில்லை என்றால் கோத்தகிரிக்குப் போகிறேன் என்று சொல்ல முடிந்தவரை வைத்து உள்ளூர்க்காரர் கூலியை அடிக்க முடியாது. திருப்பி அனுப்புவது கடினமாகும் என்பது மட்டும் உண்மை. வேரூன்றியவரைப் பிடுங்குவது கடினந்தான். எத்தனை ஆண்டுக்குப் பிறகு அந்தப் பேச்சையே விடுவது என்பதை நாடாளுமன்றம் சொல்ல வேண்டும், வட்டாட்சியர் அல்ல.

பதிவே இல்லாமல் கண்டுகொள்ளாமல் விடுவது ஐந்தாவது வழி. இன்று தோட்டங்களில் பல இடத்தில் நடப்பது அதுதான். ஆளின் அடையாள அட்டை, ஏதாவது இருந்தால், மேஸ்திரியின் பெட்டியில் இருக்கும். அந்த வழிக்கு ஆதரவாகச் சொல்ல எதுவும் இல்லை.

எந்த முறை வந்தாலும் முதலில் பிரிக்க வேண்டியவர்கள்

ஆவணம் இல்லை என்று வரிசையில் நிற்பவர்களில் சிலர் ஏற்கனவே இந்தியர்கள். அவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. இந்தியாவில் பிறந்த தேதியைப் பாருங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை என்றால், பெற்றோர் யாராக இருந்தாலும் குடியுரிமை உண்டு. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை என்றால் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த விதியை வைத்துத்தான் 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பாஸ்போர்ட் தரச் சொன்னது. 2024-இல் அவர் வாக்களித்தார்.

பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பது முடிவல்ல. 1969-இன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பெற்றோரின் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. இங்கே பிறந்தால் பதியலாம். ஓராண்டு கடந்துவிட்டால், கோட்டாட்சியர் உத்தரவு போதும். ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்றிலும் கோட்டாட்சியர் அலுவலகம் உண்டு. முதலில் ஊராட்சி அல்லது நகராட்சியில் 'பதிவு இல்லை' என்ற சான்று வாங்க வேண்டும். அதோடு தோட்ட ஆஸ்பத்திரிப் பதிவு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஞானஸ்நானப் பதிவு, எது கிடைக்குமோ அது. பெற்றோருக்கு மண்டபத்துக் குடும்ப அட்டையோ, கண்டி உதவித் தூதரகம் கொடுத்த பாஸ்போர்ட்டோ இருந்தால் அதன் எல்லாப் பக்கமும் நகல் எடுக்க வேண்டும். பிள்ளைகள் பெயர் ஏதாவது ஒரு பக்கத்தில் இருக்கலாம். பெயர் ஒரு தாளில் 'மாரியாயி', இன்னொன்றில் 'மாரியம்மாள்' என்று இருந்தால் மனு போடுமுன் இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிவிட வேண்டும். பல மனுக்கள் அங்கேதான் திரும்புகின்றன. ஆதாரை மட்டும் நீட்டிப் பயனில்லை; அது அடையாளத்துக்குச் சான்று, குடியுரிமைக்குச் சான்றில்லை.

பிரித்த பிறகு மிஞ்சுபவருக்குத் தரும் முகவரி ரசீதில் தேதி, முத்திரை, வாங்கியவரின் பதவி மூன்றும் வேண்டும். நீலகிரியில் அதைத் தமிழோடு ஆங்கிலத்திலும் அச்சிட வேண்டும். கூடலூரில் போட்ட தமிழ் முத்திரையைப் பத்தேரிச் சாவடியில் படிக்க ஆள் இருக்காது.